சொரிமுத்துவுக்குக் குடிவந்த உறுமல்

ஆலங்கரை பஜாரில், மத்தியானச் சங்கு ஊதி முடிகிற நேரத்தில், ஒரு சின்ன நாயின் உறுமல் அதன் தொண்டையை விட்டு இறங்கி, போட்டோக்காரன் சொரிமுத்துவின் நெஞ்சுக்குள் குடிபோனது. அன்று ஆடி மாதம் மூன்றாம் செவ்வாய் என்பதும், எதிர்த்த கடை வாசலில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதும், கூழ்ப்பானையில் பாதி அப்போதே காலி என்பதும் பஜாரில் எல்லோருக்கும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. உறுமல் எப்படி ஆள் மாறியது என்று மட்டும் யாரும் மெனக்கெட்டுக் கேட்கவில்லை. வாடகைக்கு இருந்தவர்கள் வீடு மாறுவதில்லையா, அதைப்போல ஒன்று என்று விட்டுவிட்டார்கள்.

நாயின் பெயர் ஜமீன். வெளிநாடு போகிற குடும்பமொன்று விசாவுக்குப் போட்டோ எடுக்க வந்த இடத்தில், ரெண்டே நாள், எங்க மாமா வந்து கூட்டிக்கிட்டுப் போயிருவாவ என்று சொல்லி விட்டுப்போன நாய் அது. மாமா வரவே இல்லை. உரிக்காத தேங்காய்க்கு நாலு கால் முளைத்த அளவுதான் இருக்கும், நிறமும் அதேதான், ஆனால் நடக்கிற நடையைப் பார்த்தால் பஜாரில் பாதிக்குப் பட்டா தன் பெயரில் இருப்பதுபோல் நடக்கும். அது குரைக்காது, கடிக்காது, வைத்த சோற்றை மிச்சம் வைக்காது. தூக்கினால் மட்டும் உறுமும். தரையிலிருந்து நாலு காலும் கிளம்பிய அந்த நொடியில் ஆரம்பித்து, திரும்பத் தரையில் படுகிற நொடிவரை, மாவு மிஷின் தூரத்தில் ஓடுவதுபோல விடாமல் உறுமும்.

சொரிமுத்துவுக்கோ எதையும் தூக்கியும் திருப்பியும் பழகிய கை. பதினெட்டு வருஷமாக ஆலங்கரைக்காரர்களைப் பரீட்சை ஹால் டிக்கெட்டுக்கும், பெண் பார்க்கக் கொடுத்தனுப்புவதற்கும், கல்யாண ஆல்பத்துக்கும், கடைசியில் சுவரில் மாட்டி மாலை போடுவதற்கும் அவன்தான் எடுத்தான், அந்த ஊரில் அவன் இரண்டு விரல் படாத தாடையே கிடையாது. முக்காலியில் ஆள் உட்கார்ந்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் தாடையைப் பிடித்து இடப்பக்கம் கால் அங்குலம் திருப்பி, தோளை அழுத்தி, நெற்றி முடியை ஒதுக்கி, 'ஆங், அப்படியே' என்பான். கேட்டுக் கேட்டுத் திருப்பினால் முகம் செத்துப்போகும் என்பது அவன் கட்சி. அவன் கைராசிக்குச் சாட்சியாக ஸ்டூடியோ வாசல் கண்ணாடிக்குள் ஒரு பெரிய படம் ஒன்பது வருஷமாகத் தொங்கியது. அது அவன் தங்கை பிரம்மசக்தியின் கல்யாணத்தில், அவனே கேமராவைச் சரிசெய்து கொடுத்து ஸ்டூடியோப் பையன் அழுத்திய படம். பட்டும் மாலையுமாகத் தங்கையை இரண்டு கையிலும் ஏந்தி அவன் மணவறையைச் சுற்றி வருகிறான், சுற்றிலும் சனம் வாய்கொள்ளாமல் சிரிக்கிறது. அண்ணன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து கல்யாண ஆர்டர் சொல்லிவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர்.

ஒருநாள் முக்காலியில் உட்காரமாட்டேன் என்று அழுத பிள்ளையின் மடியில் சொரிமுத்து ஜமீனைத் தூக்கி வைத்தான், பிள்ளை சிரித்தது, படம் பிரமாதமாக வந்தது. அதிலிருந்து ஊரில் யாருக்கும் நாயில்லாமல் போட்டோ எடுக்க மனசில்லை. ஒரு நாளைக்கு முப்பது மடி, நாற்பது மடி. அக்குளில் கையைக் கொடுத்து அவன் தூக்க, பின்னங்கால் இரண்டும் அந்தரத்தில் ஆட, ஜமீன் உறுமிக்கொண்டே மடி மாறியது. உறுமினால் படத்தில் மூக்கு சுருங்குகிறது என்பது ஒன்றுதான் சொரிமுத்துவுக்கு மனக்குறை. அதற்கு வழி சொன்னவர் கோமதிநாயகம். அவர் போலீஸ் நாய்ப்படையில் இருபத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர், அங்கே சமையல்காரராக இருந்தார் என்பதை அவரும் சொல்வதில்லை, மற்றவர்களும் கேட்பதில்லை.

"உறுமும்போது கீழ விட்டேருன்னா அது ஜெயிச்சுட்டதா நெனச்சுக்கிடும் வே. உறுமல் நிக்கிற மட்டும் தூக்கியே பிடியும். அது நிறுத்தட்டும், பொறவு விடும்."

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊத ஆரம்பித்தபோது சொரிமுத்து ஜமீனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். நாய் உறுமியது, அவன் விடவில்லை, நாய் இன்னும் உறுமியது, அவன் இன்னும் விடவில்லை, சங்கு மேலே ஏறி, நின்று, இறங்கி, இழுத்து இழுத்து ஓய்ந்தபோது நாயின் தொண்டையும் ஓய்ந்தது. ஜமீன் பேசாமல் தொங்கியது. "அவ்வளவுதான் வே, சோலி முடிஞ்சுது" என்று சந்தோஷமாகக் கோமதிநாயகம் சொரிமுத்துவின் முதுகில் ஒன்று போட்டார். அப்போது சொரிமுத்துவின் நெஞ்சுக்குள்ளிருந்து, அதே மாவு மிஷின் தூரத்தில் ஓடுகிற சத்தத்தில், உறுமல் வந்தது. கோமதிநாயகம் கையை எடுத்தார், உறுமல் நின்றது. கையை வைத்தார், உறுமியது. "அது சரி" என்று சொல்லிவிட்டுக் கூழ் வாங்கப் போய்விட்டார்.

அவனை யார் தொட்டாலும் அது உறுமியது. அவனாக உறுமவில்லை, அடக்கினாலும் அடங்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாலும் வாயில் வெற்றிலை இருந்தாலும் யார் விரலாவது மேலே பட்டதும் நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பி வந்தது. சொரிமுத்து வெட்கத்தில் வெந்துபோனான். மனைவி செண்பகம் தலையில் எண்ணெய் வைக்க வந்தாலும் உறுமினான், ரேஷன் கடையில் கட்டைவிரலைப் பிடித்து மிஷினில் வைத்தாலும் உறுமினான். டவுனில் பெரிய டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு, குழாய் அதிர்கிறது, மற்றபடி நெஞ்சு சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார்.

ஊர் இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. பஸ் கண்டக்டர் அவனுக்கென்று டிரைவருக்குப் பின்னாலிருக்கும் ஒற்றை சீட்டை ஒதுக்கிவிட்டு, 'உறுமுறவரு ஏறிட்டாரு, ரைட்' என்று விசில் கொடுத்தார். அம்மன் கோயில் கமிட்டி கூடி, நாய்க்குத்தான் கோயிலுக்குள் இடமில்லையே தவிர நாயின் சத்தத்துக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் நோட்டில் எழுதவில்லை என்று தீர்மானம் போட்டு, கூட்டம் குறைந்தபிறகு வந்து கும்பிட்டுப் போகச் சொன்னது. ஆவணி பிறந்ததும் எடுத்த கல்யாண வீடியோக்களில் சம்பந்திகள் சொரிமுத்துவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வருகிற இடமெல்லாம் உறுமல் பதிவானது, இரண்டு வீட்டார் அதை வெட்டச் சொன்னார்கள், ஒரு வீட்டார் மட்டும் மாப்பிள்ளையின் பெரியப்பா வருகிற இடத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள். சலூன்காரர், கத்தி வழுக்கிவிடும் என்ற பயத்தில், 'அண்ணாச்சி, இப்பம் காதுகிட்ட வாரேன், இப்பம் கழுத்துக்கு வாரேன், வரட்டுமா' என்று ஒவ்வொரு இடத்துக்கும் சொல்லிச் சொல்லிச் சவரம் செய்தார். கேட்டுக்கொண்டு தொட்டால் உறுமல் பாதியாகக் குறைந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள், அவருக்கு மட்டும் என்ன மரியாதை, எங்களுக்கும் சொல்லிட்டுத் தொடும் என்று சண்டைக்குப் போனார்கள்.

இதற்கு நடுவில்தான், அந்த வாரம் வியாழக்கிழமை, தங்கை பிரம்மசக்தி போன் பண்ணினாள்.

ஒன்பது வருஷத்தில் அவளாகப் போன் பண்ணியது அதுதான் முதல் தடவை. கல்யாணமாகி இரண்டு ஆறு தாண்டிப் போனவள், அப்பா சாவுக்கு வந்தபோதுகூட அண்ணன் நீட்டிய காப்பித் தம்ளரைக் கையில் வாங்காமல், கீழே வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, வர்ணிகாவுக்கு மூணு வயசு ஆயிட்டு. ஆவணி கடைசி முகூர்த்தத்துல எங்க சாஸ்தா கோயில்ல வச்சுக் காது குத்துதோம். ஒன் மடியிலதான் வைக்கணும். வாரியா?"

"வாரேன்ம்மா. வராம?"

"அத்தைதான் கூப்பிடச் சொன்னாவ," என்றாள் அவள். பிறகு, "நானும்தான்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சொரிமுத்து அந்தக் கடைசி வார்த்தையை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நினைத்துக்கொண்டான். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும், மாமன் போகாவிட்டால் தங்கைக்கு அவள் மாமியார் வீட்டில் தலைகுனிவு, போய் உட்கார்ந்து பிள்ளை மடியில் பட்டதும் நாயாக உறுமினால் அதைவிடப் பெரிய தலைகுனிவு. ஒன்பது வருஷம் கழித்துத் திறந்த கதவு திறந்த வேகத்தில் சாத்திக்கொள்ளும். நாற்பது நாள் இருந்தது. அதற்குள் இந்தச் சனியனை எப்படியாவது நெஞ்சிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று அவன் படாத பாடு பட்டான்.

அந்த நாட்களில் ஒருநாள் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற மகராசி என்ற பெண் போட்டோவுக்கு வந்தாள். முக்காலியில் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் சொரிமுத்து அவள் தாடைக்கு விரலைக் கொண்டுபோனான், அவள் கழுத்து ஒரு நூலளவு பின்னால் போனது. பதினெட்டு வருஷமாக எத்தனை கழுத்து அப்படிப் பின்னால் போயிருக்கும் என்று முதன்முதலாக அன்றைக்கு அவனுக்குத் தோன்றியது, விரலை மடக்கிக்கொண்டான். படம் எடுத்து முடிந்ததும் அவள் போகாமல் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கிடப்பிடாது."

"சொல்லும்மா."

"அந்த உறுமல எனக்கு ஒரு வாரத்துக்குத் தர முடியுமா? நாள் பூரா வேண்டாம். காலைல ஏழேகால் பஸ்ஸுக்கு மட்டும். கூட்டத்துல பின்னாடி நிக்கவன் கை என் மேல படும்போது எனக்கு வாயே வரமாட்டேங்கு. உங்களுக்குன்னா தானா வருது."

சொரிமுத்து தரையைப் பார்த்தான். தந்துவிடக் கூடியதாக இருந்தால் அந்த நிமிஷமே தட்டில் வைத்துக் கொடுத்திருப்பான். அதற்குப் பதிலாக, நாலு படத்துக்கு எட்டுப் படமாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். அதை நினைத்தும் பிறகு வெட்கப்பட்டான்.

உறுமலைப் பறிகொடுத்த ஜமீன் பேசாமல் மடி மாறிக்கொண்டிருந்தது. மூக்கு சுருங்கவில்லை, படங்கள் அழகாக வந்தன. ஆடி முடிவதற்கு ஒரு வாரம் இருக்கையில், எல்.கே.ஜி. படிக்கிற பிள்ளை ஒன்றின் மடியில் தூக்கி வைத்தபோது, அது எந்தச் சத்தமும் இல்லாமல் திரும்பி அந்தப் பிள்ளையின் புறங்கையைக் கடித்தது. இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்தது. பிள்ளையின் தாய் கத்திய கத்தலில் பஜாரே திரண்டுவிட்டது. சொரிமுத்து ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஊசி போடும்போது பிள்ளை அலறிய அலறலைத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றான். சாயங்காலம் ஜமீனைக் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனான்.

அங்கே கம்பவுண்டர் ஜெபக்கனி இருந்தாள். முப்பது வயசுக்காரி, பெரிய மாட்டுக்கும் சின்ன ஆபீசருக்கும் பயப்படாதவள்.

"கடிக்கதுக்கு முன்னாடி உறுமுச்சா?"

"இல்லம்மா. அதுக்கு இப்பம் உறுமல் கிடையாது."

"ஏன், எங்க போச்சு?"

சொரிமுத்து கையை நீட்டினான். அவள் மணிக்கட்டைத் தொட்டாள், உறுமல் வந்தது. தலையை ஆட்டிக்கொண்டு நோட்டை எடுத்து, ஆண் நாய், வயது நான்கு, உறுமல் உரிமையாளரிடம் உள்ளது என்று எழுதினாள். பிறகு கீழே உட்கார்ந்து ஜமீனின் முதுகுத்தண்டை ஒவ்வொரு கண்ணியாக விரலால் தடவி வந்தாள். இடுப்புக்கு மேலே ஓரிடத்தில் நாய் உடம்பைச் சுருக்கியது.

"இங்க பழைய அடி ஒண்ணு இருக்கு. அக்குள்ள கையக் கொடுத்து, கால் தொங்க நீங்க தூக்குற ஒவ்வொரு தடவையும் இது வலிச்சிருக்கு. வலிக்கு, விடுன்னு அது ஒங்ககிட்ட மரியாதையா சொல்லிச்சு. அந்தப் பேச்சையும் புடுங்கிட்டிய. பின்ன அதுக்குப் பல்லத் தவிர என்ன இருக்கு, சொல்லுங்க?"

சொரிமுத்து தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தான்.

"உறுமுத நாய் நல்ல நாய், அண்ணாச்சி. உறுமுனதுக்கு அடிச்சு அடக்குன நாயிதான் ஆபத்து. இனி யார் மடியிலயும் வைக்காதிய. கைய உள்ளங்கை மேல பாக்கத் தரையில வச்சுட்டு உக்காருங்க. அது வந்தா வருது, வரலன்னா போகுது. மூஞ்சியத் திருப்புச்சுன்னா வேண்டாம்னு அர்த்தம், எந்திரிச்சிப் போயிருங்க. அவசரப்பட்டியன்னா முதல்ல இருந்து தொடங்கணும்."

முதுகு வலிக்கு மாத்திரை கொடுத்தாள். மறுநாள் முதல் சொரிமுத்து நாயைப் பழக்கப்படுத்தினான், அல்லது ஸ்டூடியோ வாசலில் கூடி நின்று பார்த்தவர்கள் சொல்வதுபோல் நாய் அவனைப் பழக்கப்படுத்தியது. காலையில் கடை திறந்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவித்த முட்டையைப் பிட்டு அருகே வைத்துக்கொண்டு, உள்ளங்கையை மேலே பார்க்க விரித்து, 'ஜமீன், தூக்கட்டுமா' என்று கேட்பான். ஜமீன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அவன் எழுந்து போய்விடுவான். நாலு நாள் அப்படிப் போனது, ஐந்தாம் நாள் அது முட்டையை மட்டும் தின்றுவிட்டுப் போனது, எட்டாம் நாள் கையை மோந்து பார்த்தது, பத்தாம் நாள் கோமதிநாயகம் வந்து 'ஏன் வே, நாய்கிட்ட மனு கொடுத்துக்கிட்டு இருக்கீரு' என்று கேலி பண்ணினார், பன்னிரண்டாம் நாள் அவன் ஒரு விரலால் அதன் நெஞ்சைத் தொட்டு உடனே எடுத்தான். தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து, பிறகு ஒரு கை நெஞ்சுக்கடியிலும் ஒரு கை புட்டத்துக்கடியிலும் கொடுத்து, தூக்காமல் சும்மா வைத்திருந்து எடுத்து, பிறகு தரையிலிருந்து ஒரு விரல்கடை உயர்த்தி, நாய் போதும் என்று நினைப்பதற்கு முன்னாலேயே இறக்கி வைத்தான்.

பஜாருக்கு இது பிடித்துப்போயிற்று. முதலில் கேலிக்குத்தான் ஒருவரையொருவர் 'தொடட்டுமா' என்று கேட்டார்கள், கேட்டுக் கேட்டு அது வாயில் ஒட்டிக்கொண்டது. வளையல் கடைக்காரர் கேட்டுவிட்டுக் கையைப் பிடித்தார், டெய்லர் கேட்டுவிட்டு அளவெடுத்தார், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் காதைத் திருகுவதற்கு முன் கேட்க, பையன் வேண்டாம் சார் என்று சொல்ல, வாத்தியார் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் போர்டைத் துடைத்தார். ஏழேகால் பஸ்ஸில் மட்டும் யாரும் யாரையும் கேட்கவில்லை. மகராசி தினமும் அதில்தான் போனாள்.

முப்பதாம் நாள் காலை சொரிமுத்து கையை விரித்து உட்கார்ந்ததும், ஜமீன் தானாக வந்து இரண்டு முன்னங்காலையும் அவன் உள்ளங்கையில் வைத்தது. "தூக்கட்டுமா?" என்று கேட்டு, மெல்ல முழங்கால் உயரத்துக்குத் தூக்கினான். அங்கே நாயின் இடுப்பில் எங்கோ சுளுக்கியிருக்க வேண்டும், அவன் தொண்டைக்குள் ஏதோ எழும்பி வாய்வழியாகப் போனதுபோல் இருந்தது, அடுத்த நொடி ஜமீன் உறுமியது. அதன் சொந்த வாயால், அதன் சொந்த உறுமல். "சரிய்யா, சரிய்யா, இறக்கி விட்டுட்டேன்" என்று உடனே தரையில் வைத்துவிட்டுச் சொரிமுத்து தெருவுக்கு ஓடி வந்தான். பஜாரே கைதட்டியது. காது குத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"பாத்தேரா, என் வைத்தியம் லேட்டானாலும் கேட்டுது" என்று கோமதிநாயகம் முதுகில் ஒன்று போட்டார்.

உறுமல் வந்தது.

ஆனால் இது வேறு. மாவு மிஷின் சத்தம் இல்லை, மெலிசாக ஆரம்பித்து, பாதியில் முறிந்து, முறிந்த இடத்தில் மூச்சு வாங்கி, மறுபடி எழும்ப முடியாமல் நின்றுபோகிற ஒரு சத்தம். நாய் தன்னுடையதைத் திருப்பி எடுத்துக்கொண்டது சரி, அதற்கடியில் இன்னொன்று இத்தனை நாளும் கிடந்திருக்கிறது என்று பஜார் புரிந்துகொண்டு, அது யாருடையது என்று ஆளுக்கொன்றாகச் சொல்ல ஆரம்பித்தது. பூனை என்றார்கள், கன்றுக்குட்டி என்றார்கள். சொரிமுத்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான். யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம், பிரம்மசக்தி அவனைத் தனியாகக் கூப்பிட்டு, 'அண்ணே, திருச்சியில எனக்கு நர்ஸ் டிரெய்னிங்குக்கு இடம் கிடைச்சிருக்கு. இந்தக் கல்யாணம் வேண்டாம், நீ சொன்னா அப்பா கேப்பாவ' என்றாள். காலையில பேசிக்கிடலாம் என்றான் சொரிமுத்து. காலையில் அவள் மணப்பெண் அறையை விட்டு வரவில்லை. மணப்பெண்ணைத் தாய்மாமன் கையில் தூக்கி மணவறையைச் சுற்றிக் கொண்டுவந்து உட்கார வைப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம், மாமாவுக்கு இடுப்பு முடியாததால் அந்த முறையை அண்ணன் செய்யட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பெண் வெட்கப்பட்டு வரமாட்டேன் என்பதும், தூக்குகிறவர் சிரித்துக்கொண்டே அள்ளிக்கொண்டு வருவதும் எல்லாக் கல்யாணத்திலும் நடக்கிறதுதான். ஆகவே அவன் உள்ளே போய், சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கியபோது ஒருவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வாசலைத் தாண்டும்போது அவள் தொண்டைக்குள் ஒரு சத்தம் வந்தது. மெலிசாக ஆரம்பித்துப் பாதியில் முறிந்தது. அதன் பிறகுதான் மேளக்காரர்கள் கெட்டிமேளம் கொட்டினார்கள். சனம் சிரித்தது, கேமரா பளிச்சிட்டது. மாப்பிள்ளை கெட்டவர் இல்லை, அதனாலேயே பிறகு யாரும் யாரிடமும் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று.

அன்று சாயங்காலம் சொரிமுத்து கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அந்தப் பெரிய படத்தைக் கழற்றினான். ஒன்பது வருஷமாக இதை வாசலில் தொங்கவிட்டுப் பிழைத்திருக்கிறோமே என்று அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், அவனும் சிரிக்கிறான், அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று அவ்வளவு பெரிய படத்தில் அத்தனை வருஷமாக ஊரில் ஒருத்தரும் பார்க்கவில்லை. செண்பகம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்பமாவது கழத்துனியளே" என்றாள்.

"நீ பாத்திருக்கியா?"

"வந்த புதுசுலயே பாத்தேன். சொன்னா ஒங்களுக்குக் கோவம் வரும்னு விட்டுட்டேன்."

காது குத்துக்கு ஜமீனைச் செண்பகத்திடம் விட்டுவிட்டு, சீர்த்தட்டோடு அவன் மட்டும் போனான். போகாமல் இருந்துவிடலாம் என்று பஸ் ஏறும்வரைக்கும் நினைத்தான். சாஸ்தா கோயில் ஊருக்கு வெளியே மருதமரத்தடியில் இருந்தது. மாமன் உறுமுகிற செய்தி அவனுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது, மாப்பிள்ளை வீட்டார் கூடிப் பேசி அதற்கொரு வழியும் செய்து வைத்திருந்தார்கள்.

"ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதிய தம்பி," என்றாள் தங்கையின் மாமியார், வெள்ளைச் சேலை கட்டிய நல்ல மனுஷி. "பிள்ளைய மடியில வச்சதும் கெட்டிமேளம் கொட்டச் சொல்லியிருக்கேன். நீங்க எம்புட்டு உறுமுனாலும் அதுல அமுங்கிப் போயிரும். முன்னப் பின்ன நடக்காததா என்ன?"

ஜமுக்காளத்தில் அவனை உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியைத் துடைத்து, காதில் பொட்டு வைக்கச் சந்தனம் குழைத்தார். பிரம்மசக்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், நெற்றியோரம் நரைத்திருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சொரிமுத்து பல்லைக் கடித்து நெஞ்சை இறுக்கிக்கொண்டான், இன்றைக்கு ஒரு நாள் மட்டும், இந்த ஒரு நிமிஷம் மட்டும் சத்தம் வராமல் இருக்கட்டும் சாஸ்தாவே என்று வேண்டிக்கொண்டான். பிள்ளையை மடியில் வைத்தாள். 'மாமா ரெண்டு கையையும் இறுக்கிப் பிடிச்சுக்கிடுங்க, ஆடப்பிடாது' என்றார் ஆசாரி. அவன் பிடித்தான்.

உறுமல் வந்தது. மெலிசாக ஆரம்பித்து, பாதியில் முறிந்து, மூச்சு வாங்கியது.

அவன் நெஞ்சு சும்மா இருந்தது. நாற்பத்திரண்டு நாளில் முதல் தடவையாக அது காலி அறைபோல் கிடந்தது. சத்தம் அவன் மடியில் இருந்து வந்தது, அவன் கைக்குள் இறுகிக் கிடந்த அந்தச் சின்ன உடம்பில் இருந்து வந்தது. உடனே தவில் இடித்தது, நாதஸ்வரம் கிளம்பியது, பெண்கள் குலவையிட்டார்கள், பிள்ளை முரண்டு பிடிக்கிற அழகைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ஆசாரி ஊசியோடு குனிந்தார்.

"நிறுத்துங்க," என்றான் சொரிமுத்து. யாருக்கும் கேட்கவில்லை. அவன் பிள்ளையின் கையை விட்டுவிட்டு, தன் கையைத் தலைக்கு மேலே தூக்கி, "மேளத்த நிறுத்துங்கய்யா!" என்று கத்தினான். தவில்காரர் திகைத்து நிறுத்தினார். சொரிமுத்து பிள்ளையை, ஒரு கை நெஞ்சுக்கும் ஒரு கை காலுக்கும் கொடுத்து, ஜமுக்காளத்தில் இறக்கி விட்டான். அது எழுந்து ஓடித் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"என்ன தம்பி இது, நல்ல நேரம் போகுது," என்றாள் மாமியார்.

"பிள்ள வேண்டாம்னு சொல்லுது," என்றான் அவன். மூணு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும், மாமன் செய்கிற காரியமா இது, இதுக்குத்தான் வேண்டாம்னு சொன்னேன் என்று நாலாபக்கமும் குரல் எழும்பியது. அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அவ எப்பம் குத்தணும்னு கேக்காளோ அப்பம் குத்திக்கிடலாம்," என்று பிரம்மசக்தி சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் ஆசாரி ஊசியை டப்பாவில் வைத்து மூடினார். சனம் முணுமுணுத்துக்கொண்டே பந்திப்பக்கம் நகர்ந்தது. ஜமுக்காளத்தில் அவன் மட்டும் இருந்தான், அவள் எதிரே நின்றாள், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை நின்றது.

"அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

அவன் தலையை நிமிர்த்தினான்.

"அன்னைக்கு ஒனக்குக் கேட்டுச்சாண்ணே?"

இல்லை என்று சொல்லலாம். கெட்டிமேளம் இருந்தது, சனம் இருந்தது, சிரிப்பு இருந்தது, இல்லை என்றால் அவள் நம்பியும்விடுவாள்.

"கேட்டுச்சு."

"மேளம் அடிச்சாங்களே."

"மேளத்துக்கு முன்னாடியே கேட்டுச்சும்மா."

பிரம்மசக்தி அவனைப் பார்த்தாள். அழவில்லை. கண் மட்டும் ஏதோ தூரத்துக் கணக்கை மாற்றிப் போடுவதுபோல் அசைந்தது.

"மேளத்துல ஒனக்குக் கேட்டிருக்காதுன்னு நெனச்சேன்," என்றாள். "ஒம்போது வருசமா அப்பிடித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எங்கண்ணனுக்குக் கேட்டிருந்தா எறக்கி விட்டிருப்பான்னு. அப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் ஒன்ன இன்னைக்குக் கூப்பிட்டேன்."

சொரிமுத்துவுக்கு எங்கேயாவது போய் மண்ணுக்குள் புதைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. மன்னித்துக்கொள் என்று கேட்க வாய் கூசியது. எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வேகம் வந்தது, அதை அடக்கிக்கொண்டான். தன்னை அறியாமலேயே வலது கையை ஜமுக்காளத்தில், உள்ளங்கை மேலே பார்க்க, விரித்து வைத்தான்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிள்ளையை நடத்திக் கூட்டிக்கொண்டு, பந்தியில் யாருக்கு என்ன வேண்டும் என்று பார்க்கப் போனாள். மடித்த இலையும் தண்ணீர்ச் செம்புமாகச் சனங்கள் அவனைச் சுற்றிப் போய்வந்தார்கள், போகிற வருகிற கால்கள் அவன் தோளில் இடித்தன, நெஞ்சிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவன் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.